நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் களங்கள்: எத்தனை மேசை, என்ன பொருள், எப்படி நடத்துவது?

கேள்வி: மலையோர ஆசிரியை (திருவட்டார் பக்கம்), ஜூலை

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்தி வருகிறேன். இரண்டு வகுப்புக்குமாக 23 பிள்ளைகள். அறைக்கு வெளியே ஓடு போட்ட ஒரு வராந்தாவும் அதையொட்டி ஒரு தண்ணீர்க் குழாயும் உண்டு.

பிள்ளைகள் தாங்களே தொட்டுச் செய்து பார்க்கும்படி அறிவியல் களங்கள் அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோடை விடுமுறையில் அதற்காகவே உட்கார்ந்து அட்டைகள் எழுதி, படங்கள் ஒட்டி, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சுவரோரமாக ஐந்து மேசைகளைப் போட்டு, காந்தம், தண்ணீர், விதையும் இலையும், விளக்கும் நிழலும், எடை பார்த்தல் என்று ஐந்து களங்களை ஒரே நாளில் திறந்து வைத்தேன். அன்றைக்கே எல்லாம் குலைந்துவிட்டது. காந்த மேசையை 11 பேர் மொய்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வாளி சரிந்து பக்கத்து மேசையின் அட்டைகள் நனைந்து, ஸ்கெட்ச் பேனா எழுத்தெல்லாம் ஊறிக் கலைந்தது. இலை மேசையில் இருந்தவர்கள் இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்துவிட்டு, "டீச்சர், முடிஞ்சு" என்று ஐந்தே நிமிடத்தில் வந்து நின்றார்கள். ஒரு குழு இரண்டாவது மேசைக்குப் போவதற்குள் 40 நிமிடப் பாடவேளை முடிந்து மணி அடித்தது. மாலையில் ஏடுகளைப் பார்த்தபோது எல்லாருடைய ஏட்டிலும் "காந்தம் இரும்பை ஈர்க்கும்" என்ற ஒரே வாக்கியம் இருந்தது. காந்த மேசைப் பக்கமே போகாத பிள்ளைகளின் ஏட்டிலும் இருந்தது என்பதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் ஒரு பிள்ளையின் அம்மா வந்து, பாடம் நடத்தாமல் விளையாட விடுகிறீர்களாமே என்று கேட்டுவிட்டுப் போனார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

மேசைகளை இப்போது மடக்கி வைத்துவிட்டேன். மீண்டும் தொடங்குவதென்றால் எத்தனை களம் வைப்பது, இரண்டு வகுப்பையும் ஒரே மேசையில் எப்படி உட்கார வைப்பது, பிள்ளைகள் உண்மையாகவே எதையாவது கற்றார்களா என்பதை எப்படி அறிவது, நம் மாவட்டத்தில் காசு செலவில்லாமல் கிடைக்கும் பொருள்கள் எவை என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (கல்குளம்)

டீச்சர், ஐந்து களம் என்பதே அதிகம். ஒன்றோடு தொடங்குங்கள். அந்த ஒன்று ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு இரண்டாவதைப் போடலாம். பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது காந்தத்தையோ தண்ணீரையோ பற்றி அன்று. பொருளை எடுப்பது, பயன்படுத்துவது, துடைத்துத் திரும்ப வைப்பது, தன் முறைக்குக் காத்திருப்பது ஆகிய பழக்கங்களை. அதற்கே இரண்டு வாரம் போகும், போகட்டும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் மாநிலம் முழுவதற்கும் வந்தபோது நான் வகுப்பாசிரியராக இருந்தேன். பாயில் வட்டமாக உட்கார்ந்து, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணியைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும் பிள்ளையை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன். நல்ல மாற்றம் அது. ஆனால் சிறிது காலத்திலேயே என் வகுப்பில், அட்டையை முடிப்பதுதான் வேலை என்று பிள்ளைகளும் நானும் நினைக்கத் தொடங்கிவிட்டோம். உங்கள் இலை மேசையில் "முடிஞ்சு" என்ற குரல் கேட்டதற்கும் காரணம் அதுவே. அந்த மேசையில் ஒரு வேலை இருந்தது, கேள்வி இல்லை. இலையைப் படம் எடு என்றால் எடுத்ததும் முடிந்துவிடும். எந்த இலையின் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், எதன் மேல் பரவி நிற்கும் என்று கேட்டுவிட்டு, சேம்பு இலை, வாழை இலை, தேக்கு இலை, பலா இலை நான்கையும் ஒரு சிறு கிண்ணம் தண்ணீரையும் வைத்துப் பாருங்கள். சேம்பு இலையில் துளி முத்துப் போல உருளும். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் மெழுகுப் பூச்சும் இருப்பதால்தான் அப்படி உருள்கிறது. தாமரை இலைக்கும் காரணம் அதுவே. இதை நீங்கள் முதலில் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளை அந்த இலையை விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு மீண்டும் துளி விட்டுப் பார்க்கும் வரை பொறுத்திருங்கள். யாராவது ஒருவர் செய்வார்.

ஏட்டில் ஒரே வாக்கியம் வந்ததற்கு மருந்து எளிது. பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் "எனக்குத் தோன்றியது" என்றும் வலப்பக்கம் "நான் கண்டது" என்றும் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கத்தை நிரப்பிக் காட்டிய பிறகே பொருளில் கை வைக்கலாம் என்பது விதி. தோன்றியது தவறாக இருந்தால் அதை அழிக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. என் வகுப்பில் ஒரு பையன், சிரட்டை மிதக்கும் என்று இடப்பக்கம் எழுதியிருந்தான். தண்ணீரில் வைத்தான், மிதந்தது. பக்கத்தில் இருந்தவள் அதற்குள் தண்ணீரை மொண்டு ஊற்றினாள், அடியில் போய் உட்கார்ந்தது. வலப்பக்கத்தில் அவன், "மிதந்தது. தண்ணீர் ஏறியதும் தாழ்ந்தது. சிரட்டை அதே சிரட்டைதான்" என்று எழுதினான். கனமான பொருள் மூழ்கும், கனமில்லாத பொருள் மிதக்கும் என்று அதுவரை அவன் மனப்பாடமாகச் சொல்லிவந்தது அன்றோடு நின்றது. வேறு எந்தத் தேர்வும் வைக்காமலே அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

பெற்றோருக்கும் அந்த ஏட்டையே காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு மேசையை அப்படியே போட்டு அவர்களையே முதலில் ஊகம் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. தோற்ற பிறகு யாரும் இதை விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

மறுமொழி 2: ஈராசிரியர் பள்ளி (விளவங்கோடு)

ஐயா சொன்னதோடு நடைமுறை சார்ந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். எங்களுடையதும் இரண்டு வகுப்பு ஒரே அறையில் நடக்கும் பள்ளிதான்.

40 நிமிடத்தில் களம் நடத்த முடியாது. பொருளை எடுத்து வைக்கவும் துடைக்கவுமே 15 நிமிடம் போய்விடும். நான் வாரத்தில் ஒரு நாள் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். 23 பேர் என்றால் ஆறு பேர் கொண்ட மூன்று குழு, ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. இரண்டு மேசை போதும். இரண்டு குழுக்கள் களத்தில் இருக்க, மற்ற இரண்டு குழுக்களும் என் எதிரே பாயில் உட்கார்ந்து பாடப்புத்தக வேலையைச் செய்யும். 25 நிமிடம் கழித்து இடம் மாறிக்கொள்வார்கள். மேசைக்கு மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கை நீட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு மேசைக்கும் ஒரே மாதிரியான இரண்டு தொகுதிப் பொருள்களை வைத்துவிடுவேன். 11 பேர் காந்தத்தை மொய்த்ததில் வியப்பில்லை. அங்கே இருந்தது எத்தனை காந்தம்?

நான்காம் வகுப்புக்கு ஒரு மேசை, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு மேசை என்று பிரிக்காதீர்கள். ஒரே மேசையில் இரண்டு நிற அட்டை வையுங்கள். பச்சை அட்டை பிரித்து அடுக்கச் சொல்லும், நீல அட்டை அளக்கச் சொல்லும். மிதப்பதையும் மூழ்குவதையும் நான்காம் வகுப்புப் பிள்ளை பிரித்து வைக்கும்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதே சிரட்டை எத்தனை மஞ்சாடிக்குரு (மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதை) ஏற்றும் வரை தாழாமல் நிற்கிறது என்று எண்ணலாம். அட்டையின் மேல் பாலித்தீன் உறை போட்டுவிடுங்கள், உங்கள் துயரம் எனக்கும் நேர்ந்ததுதான்.

தண்ணீர்க் களத்தை வராந்தாவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். வாளியும் வேண்டாம். நம் பக்கத்தில் ரப்பர் பாலை உறைய ஊற்றும் அலுமினியத் தட்டு எல்லா ஊரிலும் பழையது கிடைக்கும். ஆழம் குறைவு, அகலம் அதிகம், கவிழாது, ஐந்தாறு பிள்ளைகள் சுற்றி உட்கார இடம் இருக்கும். பாலை உறைய வைக்க அமிலம் சேர்ப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்த பிறகே கொண்டுவர வேண்டும்.

ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொருள் காப்பாளர் உண்டு. டப்பாவின் மூடிக்குள் என்னென்ன எத்தனை இருக்க வேண்டும் என்பதைப் படமாக வரைந்து ஒட்டியிருப்பேன், அதைப் பார்த்து எண்ணி மூடுவது அவர் வேலை. என்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

மறுமொழி 3: கடலோர ஆசிரியர் (அகஸ்தீஸ்வரம்)

பொருள்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிரட்டை, கதம்பை (தேங்காயின் நார் மட்டை), கொதும்பு (பாளையின் உறை), ஈர்க்கில் (ஓலையின் நடுக்குச்சி), சில்லாட்டை (மட்டையின் அடியில் இருக்கும் வலை போன்ற நார்) என்று தென்னையிலிருந்தே பாதிக் களத்தை நிரப்பலாம். கலங்கல் தண்ணீரை வடிகட்டும் களத்தில் சில்லாட்டையையும் பழைய வேட்டித் துணியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது.

பொருளைவிட மாதம் முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜூன் மாதத்தில் ஆவியாதல் களம் வைத்தேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறதே, தட்டில் ஊற்றி வைத்தால் நான்கு நாளில் பிள்ளைகள் உப்பைப் பார்த்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். தென்மேற்குப் பருவமழை என் கணக்கைக் கேட்கவில்லை. தட்டில் தண்ணீர் குறைவதற்குப் பதிலாகச் சாரல் விழுந்து கூடிக்கொண்டிருந்தது, ஐந்தாம் நாள் அதில் கொசுதான் செத்து மிதந்தது. அதே களத்தைப் பிப்ரவரியில் வைத்தபோது தட்டின் ஓரத்தில் வெள்ளை வளையம் விழத் தொடங்கி, நடுவில் சதுரச் சதுரமான பரல்கள் தெரிந்தன. புத்தளம் உப்பளத்தில் எந்த மாதத்தில் உப்பு வாருகிறார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னால் பாடம் தானாக நீளும். நமக்கு இரண்டு பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடிக்கும் காற்றைக் களத்துக்குள் கொண்டுவரலாம். தென்னோலையில் காற்றாடி செய்து, ஈர்க்கிலில் குத்தி, இரண்டு இதழ் வைத்தது வேகமாகச் சுற்றுகிறதா, நான்கு இதழ் வைத்ததா என்று பார்க்கலாம். முப்பந்தல் காற்றாலைகளுக்கு ஏன் மூன்று இறக்கை என்ற கேள்வியோடு அது முடியாது, தொடங்கும்.

காந்தக் களத்துக்கு மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை ஒரு தட்டில் போட்டு வையுங்கள். காந்தத்தை ஓட்டினால் கறுப்புத் துகள்கள் மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். வேறு எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கும் எளிதில் கிடைக்காத பொருள் அது.

மறுமொழி 4: மேல்நிலை இயற்பியல் ஆசிரியை (நாகர்கோவில்)

சார் சொன்ன ஓலைக் காற்றாடியை அப்படியே ஏற்கிறேன். கருமணலை மட்டும் வகுப்பறையில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது, மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இருப்பதற்கு இந்தக் கனிமங்களே காரணம். கடற்கரையில் நடந்துவிட்டு வருவதைப் பற்றி நான் பயமுறுத்தவில்லை. மூடிய அறையில் ஆண்டு முழுவதும் ஒரு தட்டில் வைத்து, பிள்ளைகள் மூக்குக்கு நேரே கிளறித் தூசி எழுப்புவது வேறு.

கடலோர ஆசிரியர்: எங்கள் பிள்ளைகள் அந்த மணலிலேயே பிறந்து வளர்கிறவர்கள். வகுப்பறையில் ஒரு தட்டு மணல் கூடுதலாக என்ன செய்துவிடும்?

மேல்நிலை இயற்பியல் ஆசிரியை: ஏற்கெனவே வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது என்பது பள்ளியிலும் சேர்ப்பதற்குக் காரணமாகாது, சார். தேவையே இல்லாத ஒன்றுக்காக ஏன் அதை எடுக்க வேண்டும்? இல்மனைட்டை இழுக்கவே வலுவான காந்தம் வேண்டும். லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புத் தூளை ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குப்பியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோடு போட்டு மூடியை ஒட்டிவிடுங்கள். வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் தூள் மெதுவாக நகர்ந்து முள் முள்ளாக நிமிர்வது, மணலில் தெரிவதைவிட அழகாகத் தெரியும். குளிர்ந்த நாளில் எண்ணெய் உறைந்து தூள் நகராமல் நின்றுவிட்டால் அதுவும் ஒரு பாடம்தான், நம் ஊரில் அந்த வாய்ப்பு குறைவு.

கடலோர ஆசிரியர் சார் அருள்கூர்ந்து தவறாக நினைக்க வேண்டாம். இதே கண்ணோடு வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணுவதற்கும் விதைக் களத்துக்கும் மஞ்சாடிக்குரு எடுக்கிறவர்கள் அதோடு குன்றிமணியைக் கலந்துவிடுகிறார்கள். குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு உண்டு, ஓடு உடைந்த ஒரு மணிகூடக் களத்தில் இருக்கக் கூடாது என்பதால் முழுதாக விலக்கிவிடுங்கள். ரப்பர் காய் வெயிலில் வெடித்து விதையைத் தூரமாக எறிவது விதை பரவலுக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்த விதையைப் பச்சையாகக் கடித்தாலும் நஞ்சுதான். கரையோரப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது, மலையோரப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். காந்தத்தில், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த பெரிய வளையக் காந்தம் பாதுகாப்பானது. கைபேசி உறையிலிருந்தும் பொம்மையிலிருந்தும் வரும் பொட்டு அளவுக் காந்தங்களில் இரண்டை ஒரு பிள்ளை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுவரைத் துளைத்துவிடும். பொத்தான் மின்கலமும் வேண்டாம். டார்ச் செல் இரண்டும் ஒரு சிறு பல்பும் போதும்.

செலவே இல்லாத ஒரு களத்தையும் சொல்லிவிடுகிறேன். முற்றத்தில் ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்றை நேராக நட்டு, வாரம் ஒரு நாள் நண்பகல் நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். நமக்கு நண்பகல் 12 மணிக்கு வராது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கும் நமக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பிந்தித்தான் சூரியன் உச்சிக்கு வரும். இப்போது ஜூலையில் வைத்தால் நிழல் கால் மீட்டர் அளவில் தெற்கு நோக்கி விழும். டிசம்பரில் வைத்தால் அறுபது சென்டிமீட்டர் அளவில் வடக்கு நோக்கி விழும். நம் மாவட்டம் 8 பாகை வட அட்சத்தை ஒட்டி இருப்பதால், இடையில் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டி ஓரிரு நாள் நிழலே இல்லாமல் போகும், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மீண்டும் ஒரு முறை போகும். ஏப்ரலில் தேர்வு நெருக்கும். செப்டம்பரை விட்டுவிடாதீர்கள்.

மலையோர ஆசிரியை, செப்டம்பர்

எல்லாருக்கும் நன்றி. தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலை மூன்றாம் வாரத்தில் சேம்பு இலையோடு ஒரே ஒரு மேசையைப் போட்டேன். ஐயா சொன்னது போலவே இரண்டாவது வாரத்தில் ஒரு பெண் இலையைப் பாவாடையால் நன்றாகத் துடைத்துவிட்டுத் துளி விட்டாள். துடைத்த இடத்தில் துளி ஒட்டி நின்றது. "துடைச்சா சுத்தம் ஆகும், ஆனா நனையும்" என்று அவள் ஏட்டில் எழுதியிருந்ததை நான் திருத்தவில்லை. அந்த வாரத்தின் ஏடுகளில் ஒன்றுபோல இருந்தவை நான்குதான். வாளி சரிந்தவரின் கணக்கில் அது பெரிய முன்னேற்றம்.

ஆகஸ்டில் வராந்தாவில் தண்ணீர்க் களம் வந்தது. ரப்பர் தட்டு ஒரு பிள்ளையின் அப்பாவே கழுவிக் கொண்டுவந்து தந்தார். குச்சி நிழலைப் பொறுத்தவரை, செப்டம்பர் முதல் தேதி மேகமாக இருந்துவிட்டது. மறுநாள் 12.20க்கு வெயில் வந்தது, குச்சியின் அடியை ஒட்டி விரல் அகலத்துக்குக்கூட நிழல் இல்லை. பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடித் தங்கள் காலையே மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாத்தூர் தொட்டிப்பாலத்தை (பள்ளத்தாக்கின் மேலே தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம்) கட்டியே தீர வேண்டும் என்கிறார்கள். 1966இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண் என்று அங்கிருக்கும் தகவலை ஒருவன் எழுதி வந்துவிட்டான். நம்முடையது ஆறு கமுகம்பாளையும் (பாக்கு மரப் பாளை) செங்கல் தூணும். தண்ணீர் போக ஒரு பக்கம் எத்தனை செங்கல் உயர வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒரு செங்கல் சரிவே போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் பாளையும் பாளையும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. களிமண் வைத்தால் கரைந்துவிடுகிறது, செல்லோடேப் ஈரத்தில் பிடிக்கவில்லை. என்ன வைக்கலாம்?

ஈராசிரியர் பள்ளி: தேன்மெழுகு, டீச்சர். மார்த்தாண்டம் பக்கம் தேன்கூடு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் ஓர் உருண்டை தருவார்கள். கையில் வைத்துப் பிசைந்தாலே இளகும், அடுப்பு வேண்டாம். பாளையை முதலில் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு உள்பக்கமாக அழுத்தச் சொல்லுங்கள், வெளிப்பக்கம் அப்பினால் தண்ணீரின் தள்ளலில் பெயர்ந்துவிடும்.